பதினோரு உபாதைகள்

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதிக்கு மேல் நோயாளிகளின் இங்கிலீஷ். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை தவறிவிட்டு பம்பாய்க்கு ரயிலேறியவன் நான். அங்கே ஓட்டலில் தட்டு கழுவினேன், துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், பிறகு ஒரு நர்சிங் ஹோமில் இரண்டரை வருசம் வார்டு வேலை பார்த்தேன். பெட்பேன் எடுப்பது, தரை துடைப்பது, விரிப்பு மாற்றுவது. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஓர் அட்டை தொங்கும். படுத்திருப்பவருக்கு என்ன செய்கிறது என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குப் பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்திருந்தது. மிச்சத்தைக் கட்டில்கள் கொடுத்தன.

நாசியா என்றால் எனக்கு ஏழாம் நம்பர் கட்டில். இரண்டு வாளித் தண்ணீர். நம்ப்னஸ் என்றால் ஊசி குத்தினாலும் விரலில் தெரியாத ஒரு தையல்காரர். பிரெத்லெஸ்னஸ் என்றால் உட்கார்ந்தபடியே தூங்கிய ஒரு பார்சிக் கிழவர். பெயின் வேறு, ஏக் வேறு என்று தெரிந்துகொள்ள ஆறு மாதம் ஆனது. பெயின் வந்தவர் கத்துவார். ஏக் உள்ளவர் என்னைக் கூப்பிட்டு, காலைக் கொஞ்சம் அமுக்கிவிடு என்பார். நம்மூரில் உளைச்சல், குடைச்சல் என்று அதற்குள்ளேயே இன்னும் பிரித்துச் சொல்வோம்.

கடைசியில் பிடிபட்டது டிஸ்கம்ஃபர்ட். வலி என்று சொல்லவும் முடியாது, ஒன்றுமில்லை என்று விடவும் முடியாது, அந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருந்த சொல். அதற்குப் பக்கத்து வீடு அன்ஈஸி. பொழுதெல்லாம் போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டே கிடந்த ஒருவரின் அட்டையில் அதைப் பார்த்தேன். இப்படி முப்பது நாற்பது சொற்கள். வேறு எந்த இங்கிலீஷும் எனக்கு இந்த அளவுக்கு வராது. இன்றைக்கும் இங்கிலீஷில் கடைத்தெருவுக்கு வழி கேட்கச் சொன்னால் தடுமாறுவேன். வயிற்றில் என்ன செய்கிறது என்று கேட்கச் சொன்னால் தடுமாற மாட்டேன்.

ஓரிடத்தில் கால் நிற்காத பிழைப்பு என்னுடையது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலிக்குத் திரும்பி வந்தேன். ஆழ்வார்திருநகரியில் ஒரு கல்யாண மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு கொத்தனாருக்குக் கையாளாக ஆறேழு மாதம் சாந்து சுமந்தேன். மழைக்காலத்தில் வேலை நின்றதும் ஜங்ஷனுக்கு வந்து, வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜெண்டிடம் சேர்ந்தேன்.

கடிகாரக் கடைக்கு மேல் மாடியில், மரப்படி ஏறிப் போகிற இடம் அது. ஏஜெண்டை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் ஓர் ஆரோக்கியத் தாள் நிரப்ப வேண்டும். அதில் பதினோரு உபாதைகள் வரிசையாக இங்கிலீஷில் அச்சடித்திருக்கும்: பெயின், ஏக், கிராம்ப், நம்ப்னஸ், நாசியா, கிடினஸ், பிரெத்லெஸ்னஸ், பர்னிங், இட்சிங், வீக்னஸ், கடைசியாக ஜெனரல் டிஸ்கம்ஃபர்ட். ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ், நோ என்று இரண்டு கட்டம். எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர்களுக்கு அதைத் தமிழில் சொல்லிக் கேட்டு, அவர்கள் சொல்வதை நிரப்ப ஓர் ஆள் வேண்டும்.

பாய் என்னைச் சோதித்துப் பார்த்தார்.

"கிராம்ப்ன்னா என்னவே?"

"கெண்டைச் சதை புடிச்சு இழுக்கது."

"கிடினஸ்?"

"கிறுகிறுன்னு வரது."

எனக்கு முன்னால் இருந்த பட்டதாரி அகராதியைப் பார்த்துச் சொல்வாராம். நான் உடம்பைப் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கே நாற்காலி எனக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் சம்பளம் தரும் இடம் எதிலும் நான் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

அந்த வேலைக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஆள் சொன்னதைத்தான் எழுதுவேன். சொல்லாததை எழுத மாட்டேன். பம்பாயில் ஓர் அட்டையில் யாரோ மாற்றி எழுதியதால் ஒரு நோயாளி பட்ட பாட்டை நான் தரையிலிருந்து துடைத்திருக்கிறேன். அதனால் இந்த விதியில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அதுதான் வினையாகவும் முடிந்தது.

எங்கள் பக்கத்து மனிதரிடம் உடம்பு எப்படி என்று கேட்டுப் பாருங்கள். நன்றாக இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை என்று சொல்ல மாட்டார். ஏதோ இருக்கேன், ஓடுது, முன்ன மாதிரி இல்லை என்பார். ஒரு குறையும் இல்லை என்று நாலு பேர் காதுபடச் சொன்னால், சாயங்காலத்துக்குள் கண் பட்டுப் படுக்கையில் விழுவோம் என்பது இங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. அப்படிப்பட்டவரை பெஞ்சில் நாலு பேருக்கு நடுவே உட்கார வைத்து, இந்தப் பதினொன்றில் உமக்கு எது உண்டு என்று கேட்டால் என்ன சொல்வார்? எல்லாவற்றுக்கும் லேசா உண்டு என்பார். நானும் எல்லாவற்றுக்கும் எஸ் போட்டேன்.

தாள்கள் பம்பாயில் உள்ள கம்பெனி ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து பாதிக்கு மேல் தகுதியில்லை என்று திரும்பி வரும்.

"எங்க ஆளுவ அல்ஹம்துலில்லாஹ்ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டுப் போயிருதானுவ," என்று பாய் தலையில் கை வைத்தார். "ஒங்க ஆளுவ என்னவே, ஆசுபத்திரியில சேர வந்தவன் மாதிரி சொல்லுதானுவ. நீரும் அதை அப்படியே எழுதுதீரு."

எல்லாவற்றுக்கும் நோ போடச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். வேறு ஆள் கிடைத்திருந்தால் என்னை அனுப்பியிருப்பார்.

நான் சாந்து சுமந்தேன் என்றேனே, அந்தக் கொத்தனார் ஒருநாள் மரப்படி ஏறி வந்தார். ஆழ்வார்திருநகரிக்கு எதிர்க்கரையில் அவருக்கு ஊர். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். மழையில் வருசத்துக்கு நாலு மாதம் வேலை கிடையாது. துபாயில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். கம்பெனி நாற்பது ஆனவரை எடுக்காது. அவருக்கு வருகிற ஆவணியில் நாற்பது. அப்போது வைகாசி. இந்தத் தடவை விட்டால் அவருக்கு அந்தக் கதவு திறக்கப்போவதில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தாளை எடுத்துவைத்து முதல் கேள்வியைக் கேட்டேன்.

"எங்கயாவது வலி உண்டா அண்ணாச்சி?"

"வலி இல்லாம இருக்குமாலே? லேசா உண்டுன்னு போடு."

"எங்கன?"

"பொதுவா."

நம்ப்னஸ் வந்தது. கை கால் மரத்துப் போகுமா என்று கேட்டேன்.

"குத்தவச்சு எந்திரிச்சா மரத்துப் போவும்லா."

"அது எல்லாருக்கும் போவும்."

"அப்ப எனக்கும் போவும். எழுது."

பதினொன்றில் பத்துக்கு எஸ். நாசியா என்கிற ஓங்கரிப்பு மட்டும் இல்லை என்றார். குடிகாரன் என்று நினைத்துவிடுவார்களாம். மூங்கில் சாரத்தில் ஒரு கையில் சாந்துச் சட்டியோடு அவர் ஏறியதை ஆறேழு மாதம் பார்த்தவன் நான். கீழே நின்ற எனக்குத்தான் மூச்சு வாங்கியது. குனிந்து அவர் காதோடு சொன்னேன்: "ஒமக்கு ஒண்ணும் கெடையாது. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லும், நான் எழுதிக்கிடுதேன்."

அவர் பெஞ்சில் இருந்தவர்களை ஒரு தரம் பார்த்தார். "இத்தன பேரு முன்னால எப்படிலே சொல்ல?"

சொன்னதை எழுதினேன்.

அந்த வருசம் தாள்களைத் தபாலில் வாங்காமல் கம்பெனியே ஒரு டாக்டரை அனுப்பியது. ஐம்பது வயதுள்ள அம்மா. இங்கிலீஷும் மராத்தியும் தெரியும், தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. ஜங்ஷனில் ஒரு லாட்ஜின் கூடத்தில் மேஜை போட்டு இரண்டு நாள் பார்ப்பதாக ஏற்பாடு. இரண்டாம் நாள் சாயங்காலம் ரயில்.

முதல் நாள் கொத்தனார் உள்ளே போனார். அரை நிமிசத்தில் வெளியே வந்தார். டாக்டரம்மா தாளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், தாளை இடது பக்கம் வைத்தார், அவ்வளவுதான். ஒன்றுமே கேட்காததால் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் என்றால் கழித்துவிட்டது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் லாட்ஜ் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பீடியை எடுத்தார். பற்றவைக்காமல் விரலில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆவணி வந்தா நாப்பதுலே" என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தேவலை.

பாய் சொன்னார்: "ஒம்ம நேர்மையைக் கொண்டுபோயி ஆத்துல கரையும்வே."

மறுநாள் காலையில் ஆற்றில் குளித்து, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு லாட்ஜுக்குப் போனேன். டாக்டரம்மா கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். யார் நீ என்றார். அந்தத் தாள்களை நிரப்பியவன் என்றேன். இந்த ஊரில் இவ்வளவு நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். கேலி பண்ணவில்லை, நிஜமாகவே அவருக்கு அது விளங்கவில்லை.

என் இங்கிலீஷில் தனியாக நிற்கிற சொல் உண்டு, அவற்றை வாக்கியமாகக் கட்டுகிற சொல் கிடையாது. அதை வைத்துக்கொண்டே சொன்னேன். இவர்களுக்கு நோயில்லை. எங்கள் ஊரில் யாரும் நோயில்லை என்று வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் படும். மரியாதைக்குச் சொல்லும் உபாதையை நான் உபாதை என்றே எழுதிவிட்டேன். தப்பு அவர்களுடையதில்லை, என்னுடையது.

அவர் டம்ளரை வைத்தார். சரி, எல்லோருமே உண்டு உண்டு என்று சொன்னால், நிஜமாகவே முடியாதவன் ஒருவன் வரும்போது அவனை நான் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார்.

இதை நான் யோசித்து வரவில்லை. எனக்கே கணுக்கால் வீங்கி, வீக்கத்தோடு கல்யாண மண்டபத்தில் சாந்து சுமந்த பத்து நாள் நினைவுக்கு வந்தது. அன்றன்றைக்குச் சம்பளம் வாங்குகிறவன் லேசான உபாதைக்காக வேலையை விட்டு நிற்க மாட்டான். உண்டா என்று கேட்க வேண்டாம், அதனால் வேலையை நிறுத்தினாயா என்று கேட்கலாம் என்றேன். நிறுத்தினவன் நோயாளி.

டாக்டரம்மா மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். பிறகு, யாரையாவது கூட்டி வா, நீயே கேள், அவன் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எனக்குச் சொல் என்றார். ஒரு சொல் கூடினாலும் இடது பக்கத்தைத் திரும்பப் பார்க்க மாட்டேன் என்றார்.

கொத்தனார் வாசற்படிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் போகவில்லை, சத்திரத்தில் படுத்திருந்திருக்கிறார். உள்ளே கூட்டிப்போனேன். பாயும் வந்து கதவோரம் நின்றுகொண்டார்.

புதுத்தாள். முதல் உபாதையிலிருந்து தொடங்கினேன். வலி உண்டு என்றார். அதனால் ஒரு நாளாவது பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தீரா என்று கேட்டேன்.

"கரண்டியைக் கீழ வச்சா சாந்து காஞ்சு போவும்லே."

அதை அப்படியே சொன்னேன். டாக்டரம்மா நோ போட்டார். கால் உளைச்சல் உண்டு, கரண்டியை வைத்ததில்லை. சதை இழுப்பு உண்டு, வைத்ததில்லை. நோ, நோ என்று பேனா இறங்கிக்கொண்டே போனது.

கிறுகிறுப்புக்கு வந்தோம். கொத்தனார் தரையைப் பார்த்தார். பாய் கதவோரத்திலிருந்து எனக்குக் கண்ணைக் காட்டினார், தாண்டிப் போ என்று.

"ஒரு நாள் வச்சேன்," என்றார் கொத்தனார். "மண்டபத்து மொட்டை மாடியில. சித்திரை வெயிலு. கோயிலுக்கு விரதம், காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. கிறுகிறுன்னு வந்துட்டு. சாரத்துக் கம்பைப் புடிச்சிக்கிட்டு நின்னேன்."

எனக்கு அந்த நாள் தெரியும். கீழே சாந்துச் சட்டியோடு நின்று, ஏன் கை நீட்டவில்லை என்று அண்ணாந்து பார்த்தவன் நான்தான். இதை அவர் அன்றைக்கும் சொல்லவில்லை. இப்போது சொல்லியாகிவிட்டது. மொழிபெயர்ப்பது என் கையில் இருந்தது. சித்திரையையும் விரதத்தையும் முதலில் சொல்லலாமா, கிறுகிறுப்பைக் கடைசியில் மெதுவாக வைக்கலாமா என்று ஒரு கணம் ஓடியது. அவர் சொன்ன வரிசையில் சொன்னேன். ஒன் டே. டிராவல் டவுன்.

நான் டிராவல் என்று சொன்ன கரண்டியை டிரௌவல் என்று திருத்திச் சொல்லிக்கொண்டே டாக்டரம்மா எழுந்தார். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டினார். இருபது தரம் உட்கார்ந்து எழச் சொன்னார். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். கொத்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார், போதும் என்று சொல்கிற வரை. டாக்டரம்மா மறுபடியும் பட்டையைக் கட்டிப் பார்த்தார். பட்டினி கிடந்தால் எனக்கும் தலை சுற்றும் என்று சொல்லிவிட்டு நோ போட்டார்.

கடைசி வரை நோ. தாளைக் கொத்தனார் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அவர் பேனாவை எடுக்கவில்லை.

"பதினொண்ணுக்கும் இல்லன்னா போட்டிருக்கு?"

"ஆமா அண்ணாச்சி."

"ஒண்ணு கூட உண்டுன்னு இல்லியா?"

"இல்ல."

"அப்ப நான் போட மாட்டேன்."

பாய் கதவோரத்தில் ஏதோ முணுமுணுத்தார். இவர் என்ன சொல்கிறார் என்று டாக்டரம்மா கேட்டார். கொத்தனார் என்னைப் பார்த்துச் சொன்னார், பைய, பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல.

"கட்டடம் எழும்புதப்பவே ஒரு பொம்மை கட்டித் தொங்கவிடுதோம்லா. எதுக்குலே? பாக்கவன் கண்ணு அதுல போயி நிக்கணும். செவுத்துல நிக்கக் கூடாது. இந்தத் தாளுல கண்ணு எங்க போயி நிக்கும்? மொட்டையா இருக்கே. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைய இருக்கு."

வேலை போனாலும் போட மாட்டார் என்று குரலிலேயே தெரிந்தது. ஆவணி, நாற்பது, மழை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பொம்மைக்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. லாட்ஜ் ஜன்னலைக் காட்டினேன். எதிரே இரண்டு மாடி எழும்பிய கட்டடத்தில், பழைய பேண்ட் சட்டைக்குள் வைக்கோல் திணித்து, கரி மீசை வரைந்து ஒரு பொம்மை தொங்கிக்கொண்டிருந்தது. இவருக்கு அது வேண்டுமாம், இந்தத் தாளில் என்றேன். டாக்டரம்மா ஜன்னலுக்குப் போய் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, நான் பொய் எழுத முடியாது, உண்மையாக ஏதாவது இருந்தால் சொல்லச் சொல் என்றார்.

எனக்குக் கொத்தனாரின் கை ஞாபகம் வந்தது.

"அண்ணாச்சி, கையை விரியும்."

விரித்தார். விரல் இடுக்கெல்லாம் சிமெண்ட் தின்று வெளுத்து வெடித்திருந்தது.

"அரிக்குமா?"

"அரிக்காத கொத்தனாரு உண்டாலே?"

"கரண்டியைக் கீழ வச்சதுண்டா?"

"அதுக்கு ஏன் வைக்கேன்? கரண்டிக் காம்பாலயே சொறிஞ்சுக்கிடுவேன்."

டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இட்சிங் என்ற இடத்தில் நோவை அடித்து, எஸ் கட்டத்தில் குறி போட்டார். பக்கத்தில் சிமெண்ட் என்று எழுதினார். அதற்குக் கீழே, வேலைக்குத் தகுதி என்று எழுதினார். கொத்தனார் அந்த ஒரு குறியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். செங்கல் அடுக்குவது போல எழுத்தை ஒவ்வொன்றாக வைத்தார்.

தாள் முடியவில்லை. அடியில் இன்னொரு கோடு இருந்தது, இண்டர்பிரிட்டர் என்று. அதுவரை அந்தக் கோட்டில் பாய் ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிடுவார். டாக்டரம்மா பேனாவை என் பக்கம் தள்ளினார். பாயைப் பார்த்தேன். போடும்வே என்று தலையை ஆட்டினார். இங்கிலீஷில், பெரிய எழுத்தில், கோட்டை விட்டுச் சறுக்காமல் என் பெயரை எழுதினேன். அதற்கு முன் நான் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டதில்லை. எதிரே இருந்த இரண்டு பேரும் அவசரப்படுத்தவில்லை.

அன்றைக்கு முழுக்க டாக்டரம்மா என்னைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு, முதல் நாள் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டு, இடது பக்கத்துத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரும்பாலும் வலது பக்கம் போயின. ஒருவர் மூச்சு வாங்குவது லேசா என்றார். வேலைக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று கேட்டதும், பதினைந்து நாளாகப் போகவில்லை என்றார். டாக்டரம்மா அவரை முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அவர் வெளியே போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை நான் ஏற்றுக்கொண்டேன். அவர் தாளிலும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

கொத்தனார் ஆடி மாதம் துபாய்க்குப் போனார். நான் பாயிடம் இன்னும் எட்டு மாதம் இருந்தேன். வாழைக்காய் லோடு ஏற்றியவருக்குத் தோளில் ஏக், வெல்டருக்குக் கண்ணில் பர்னிங் என்று, பரிசோதித்துப் பார்த்தாலும் நிற்கிற ஓர் எஸ்ஸையாவது ஒவ்வொருவரிடமும் தேடிப்பிடித்து எழுதினேன். மிச்சத்துக்கு இல்லை என்று சொல்ல அவர்களுக்கு அதன் பிறகு வாய் வந்தது. திரும்பி வந்த தாள்கள் குறைந்தன. பாய் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் ரப்பர் ஸ்டாம்பை மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டார்.

பிறகு கால் அரித்தது, கிளம்பிவிட்டேன். எட்டாம் வகுப்புச் சான்றிதழ்கூட என்னிடம் கிடையாது. அந்தத் தாள்கள் துபாயில் எந்த அலமாரியில் கிடக்கின்றனவோ. அங்கே கட்டடம் கட்டப்போன நூறு பேருக்கு மேல் உடம்பில் எது உண்டு, எது இல்லை என்று சொன்ன சொல்லுக்கு அடியில் என் பெயர் இருக்கிறது.